ஓசியில் கிடைக்கும் யூ மரம் வில்லுக்கு ஆகுமா? கட்டையை ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை

இங்கிலாந்தில் மரவில் செய்யக் கற்றுக்கொள்ளும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில், ஆங்கில நெடுவில்லுக்குப் பேர்போன ஊசியிலை மரமான யூ (yew) மேல் ஆசை வந்துவிடும். உலர்ந்து, பிளந்து, கணு இல்லாமல் விற்கிற ஒரு முழுக் கட்டையின் விலை நூறு பவுண்டுக்கு மேல் போகும். அதைப் பார்த்ததும், ‘இரண்டு தெரு தள்ளி யாரோ யூ மரம் வெட்டுகிறார்களே, போய்க் கேட்டால் என்ன?’ என்று தோன்றும். கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள். கிடைப்பது கஷ்டமில்லை. கிடைத்ததில் பெரும்பகுதி வில்லுக்கு ஆகாது என்பதும், ஆகாது என்று தெரிய ஒன்றிரண்டு வருடம் ஆகும் என்பதும்தான் கஷ்டம். உலர்த்தி, செதுக்கி, நாண் பூட்டி வளைக்கும்போது ‘படக்’ என்று போகிற கட்டை, நீங்கள் அதை முதலில் பார்த்த அன்றே அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். எங்கே பார்ப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

நான் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். செதுக்குவது எப்படி என்று இதில் இல்லை. கட்டையை எடுப்பதா விடுவதா என்பதும், எடுத்தால் அதைக் கெடுக்காமல் காப்பாற்றுவதும் மட்டும்தான். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இமயமலை யூ அழிவின் விளிம்பில் இருக்கும் மரம். அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதன் பக்கமே போகாதீர்கள். உங்களுக்கு மூங்கில் இருக்கிறது, அது மட்டமான பொருளும் அல்ல.

1. முதலில் அனுமதி, அதுவும் எழுத்தில்

விழுந்து கிடக்கிற மரத்துக்கும் உரிமையாளர் உண்டு. காட்டில் காற்றில் சாய்ந்த யூவை ‘யாருக்கும் வேண்டாததுதானே’ என்று அறுத்து எடுத்தால் அது திருட்டு. அரசுக் காடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து, பழைய இடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் ஆகியவற்றின் இடங்களிலும் கேட்காமல் எடுக்கக் கூடாது. சிசெஸ்டர் அருகே இருக்கும் கிங்லி வேல் போன்ற புகழ்பெற்ற யூ காடுகள் இயற்கைக் காப்பிடங்கள். அங்கே கண்ணால் பார்த்துவிட்டு வருவதோடு சரி.

வீட்டுத் தோட்டத்து மரம்தான் புதியவருக்குச் சுலபம். வெட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு என்றாலும், வெட்டும் முன் இரண்டு விஷயத்தைக் கேட்டுவிடுங்கள்.

ஒன்று, அந்த மரத்தின் மேல் மரப் பாதுகாப்பு ஆணை இருக்கிறதா? இருந்தால் உள்ளூர் கவுன்சிலிடம் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. முடிவுக்கு எட்டு வாரம் வரை ஆகும். காய்ந்துபோன மரமாக இருந்தால் ஒப்புதல் வேண்டாம், ஐந்து வேலைநாள் முன்னறிவிப்பு கொடுத்தால் போதும்.

இரண்டு, வீடு பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் (conservation area) வருகிறதா? அப்படியென்றால், தனி ஆணை இல்லாவிட்டாலும், ஒன்றரை மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டரைவிடப் பருமனான மரத்தைத் தொட ஆறு வாரத்துக்கு முன்பே கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய கிராமங்களில், தேவாலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இது அடிக்கடி குறுக்கே வரும்.

காட்டு நிலமாக இருந்தால் வெட்டும் உரிமம் என்று ஒன்று உண்டு. மூன்று மாதக் காலாண்டு ஒன்றுக்கு ஐந்து கன மீட்டர் வரை உரிமம் இல்லாமல் வெட்டலாம், அதில் இரண்டு கன மீட்டருக்கு மேல் விற்கக் கூடாது. வீட்டுத் தோட்டத்துக்கும் தேவாலய வளாகத்துக்கும் இந்த உரிமம் தேவையில்லை. தேவையில்லை என்றவுடன் தேவாலய யூவை யார் வேண்டுமானாலும் வெட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலிக்கன் சபையில் அதற்குத் தனி அனுமதி முறையே இருக்கிறது. உள்ளூர் சபைக் குழு மறைமாவட்டம் வரை போய்த்தான் வாங்கி வர வேண்டும். நூற்றாண்டுகள் கண்ட யூ மரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது கிடைக்கவும் கிடைக்காது, உள்ளே பெரும்பாலும் குடைந்துபோயிருக்கும். ஆனால் கல்லறை மேல் சாய்ந்துவிட்டது என்று அனுமதி வாங்கி வெட்டும் இளைய மரங்கள் வருவதுண்டு.

எந்த இடமாக இருந்தாலும் ‘இன்ன தேதியில் இன்ன இடத்திலிருந்து இந்தக் கட்டைகளை எடுத்துப்போக அனுமதிக்கிறேன்’ என்று உரிமையாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வாங்கி வையுங்கள். கார் கூரையில் இரண்டு மீட்டர் கட்டையைக் கட்டிக்கொண்டு போகும்போது யாராவது நிறுத்திக் கேட்டால் காட்ட ஒன்று வேண்டும்.

2. ரம்பம் ஓடும் முன் கேளுங்கள்

யூ கிடைக்கும் முக்கியமான வழி, மரம் வெட்டும் தொழிலாளர்கள். வெட்டியதை அப்புறப்படுத்துவது அவர்களுக்குச் செலவு, நீங்கள் எடுத்துக்கொண்டால் மிச்சம். ஆனால் அவர்கள் கை பழகிய அளவு ஒன்று உண்டு: ஒரு அடித் துண்டு, விறகு அடுப்புக்கு. நீங்கள் போன் செய்யும் நேரத்தில் மரம் தரையில் இருந்தால், அநேகமாக அது துண்டு துண்டாகத்தான் இருக்கும்.

அதனால் ‘யூ மரம் வந்தால் சொல்லுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. இப்படிச் சொல்லுங்கள்: “யூ வெட்டும் வேலை வந்தால் வெட்டுவதற்கு முன் கூப்பிடுங்கள். நேராக இருக்கும் பகுதியை இரண்டு மீட்டர் நீளத்துக்கு விடுங்கள். முடியாவிட்டால் ஒரு மீட்டருக்கு. அன்றே வந்து எடுத்துக்கொள்கிறேன்.” சொன்ன நாளில் போய்விட வேண்டும். ஒருமுறை ஏமாற்றினால் மறுபடி அழைப்பு வராது. கையில் ஒரு டின் பிஸ்கட்டோ, தேநீருக்குக் காசோ கொண்டுபோனால் அடுத்த மரமும் உங்களுக்குத்தான்.

காலம்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெட்டிய மரம் நல்லது. குளிரில் மெதுவாக உலரத் தொடங்கும், விரிசல் குறைவு. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் வெட்டும் வேலையே குறையும். கோடையில் வெட்டியது கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் கீழே ஒன்பதாவது படியில் சொல்வதைச் சில மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும், நாள்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

3. அது யூதானா?

சிரிக்காதீர்கள். தோட்டத்தில் இருக்கும் கரும்பச்சை ஊசியிலை மரத்தையெல்லாம் யூ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேலிக்கு வைக்கும் லேலண்ட் சைப்ரஸ்தான் அதிகம் ஏமாற்றும். புதிதாக அறுத்த முகத்தைப் பாருங்கள். யூ என்றால் வெளியே பால்நிறத்தில் ஒரு மெல்லிய வளையம், அதற்குள் சட்டென்று ஆரஞ்சும் பழுப்பும் கலந்த வைரம், அதாவது கெட்டியான உள்மரம். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போல இருக்கும். பிசின் ஒழுகாது, பைன் வாசனை வராது. பட்டை மெல்லிசு, செம்பழுப்பு, செதிலாக உரியும்.

யூவிலேயே இரண்டைத் தள்ளிவையுங்கள். ஒன்று, ஆண்டாண்டாகக் கத்தரித்து வளர்த்த வேலி யூ. அதன் தண்டு முழுக்க ஊசி முனை போல் சிறு கணுக்கள் மொய்த்திருக்கும். இன்னொன்று, கல்லறைத் தோட்டங்களில் தூண் போல நிமிர்ந்து நிற்கும் ஐரிஷ் யூ. பார்க்க நேராக இருக்கும், ஆசை காட்டும். ஆனால் அடியிலிருந்தே கிளைகள் மேல்நோக்கி ஒட்டிக்கொண்டு வளர்வதால் சுத்தமான நீளம் கிடைப்பது அபூர்வம்.

நல்ல கட்டை எங்கே கிடைக்கும் என்றால், நிழலில், வேறு மரங்களோடு போட்டிபோட்டு ஒல்லியாக உயர்ந்த மரத்தில். கீழ்க்கிளைகள் சிறு வயதிலேயே உதிர்ந்து, தண்டு வழவழப்பாக இருக்கும்.

4. வெட்டுமுகத்தைப் படியுங்கள்

கட்டையின் முனையில் குனிந்து பார்க்கும் ஐந்து நிமிடம்தான் இந்த வேலையில் மிக முக்கியமானது. தூசியைத் துடைத்து, முடிந்தால் ஒரு கைரம்பத்தால் மெல்லிய வில்லை ஒன்றை அறுத்துவிட்டுப் புதிய முகத்தைப் பாருங்கள்.

முதலில் நடுக்குருத்து எங்கே இருக்கிறது? வட்டத்தின் மையத்தில் இருந்தால் மரம் நிமிர்ந்து வளர்ந்திருக்கிறது. ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்து, மறுபக்க வளையங்கள் அகலமாகவும் கருமையாகவும் இருந்தால், அது சாய்ந்த தண்டு அல்லது கிளை. ஊசியிலை மரங்கள் சாயும்போது கீழ்ப்பக்கத்தில் தாங்குமரம் போடும். அது கனமாக, கெட்டியாகத் தெரியும், ‘ஆகா, வைரம் பாய்ந்த மரம்’ என்று தோன்றும். ஆனால் உலரும்போது நீளவாக்கில் சுருங்கும், கோணும், இழுவிசையில் சடக்கென்று முறியும். முதல் வில்லுக்கு அந்தப் பாதி வேண்டாம்.

அடுத்தது வெளி வெள்ளை, அதாவது பட்டைக்கு அடியில் இருக்கும் அந்தப் பால்நிற மரம். யூ வில்லின் சூட்சுமமே இந்த இரட்டைத் தன்மைதான். வில்லின் முதுகில், அதாவது எய்பவருக்கு எதிர்ப்பக்கத்தில், வெள்ளை இருந்து இழுவிசையைத் தாங்கும். வயிற்றுப்பக்கம் வைரம் இருந்து அமுக்கத்தைத் தாங்கும். எனவே இரண்டும் வேண்டும். வெள்ளை 5 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் செதுக்க வேண்டிய வேலை மிச்சம். 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் பின்னால் ஒவ்வொரு வளையமாக உரித்துக் குறைக்க வேண்டும். யூ வளையங்கள் நெருக்கமானவை, முனைக்கு முனை ஒரே வளையத்தைப் பிடித்துக்கொண்டு போவது புதியவருக்குக் கண்ணீர் வரவழைக்கும் வேலை. இரண்டு முனையிலும் வெள்ளையின் தடிமனை அளந்து பாருங்கள். ஒரு முனையில் 5, மறுமுனையில் 15 என்றால் யோசிக்க வேண்டும்.

வளையங்களின் நெருக்கம் பற்றி வில்லாளர்கள் நிறையப் பேசுவார்கள். அங்குலத்துக்கு முப்பது, நாற்பது வளையம் என்றால் கொண்டாட்டம்தான். தோட்டத்து யூ செழிப்பாக வளர்வதால் அவ்வளவு வராது. என் கருத்தில் இந்த எண்ணிக்கைக்குக் கொடுக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம். நெருக்கமான வளையத்தோடு கணுவும் முறுக்கும் நிறைந்த கட்டையைவிட, அகல வளையமும் சுத்தமான நீளமும் உள்ள கட்டை நல்ல வில் தரும். கொஞ்சம் தடிமனாகச் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கடைசியாக விரிசல். நடுவிலிருந்து வெளியே ஓடும் ஒன்றிரண்டு விரிசல் இயல்பு, பிளக்கும் கோட்டை அதிலேயே வைத்துக்கொள்ளலாம். வளையத்தோடு சுற்றிவரும் விரிசல், அதாவது ஒரு வளையம் மற்றதிலிருந்து கழன்று நிற்பது போன்ற பிறைக்கோடு, தெரிந்தால் கட்டையை விட்டுவிடுங்கள். அது உள்ளே எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

5. முறுக்கு, வளைவு, கணு

யூவின் பட்டையில் நீளவாக்கில் பள்ளங்களும் மேடுகளும் ஓடும். அவை முனைக்கு முனை நேராகப் போகின்றனவா, அல்லது கட்டையைச் சுற்றிக்கொண்டு போகின்றனவா என்று பாருங்கள். காய ஆரம்பித்த கட்டையாக இருந்தால், இரண்டு முனையிலும் இருக்கும் பெரிய விரிசலின் திசையை ஒப்பிடுங்கள். ஒரு முனையில் செங்குத்தாகவும் மறுமுனையில் கடிகாரத்தின் இரண்டு மணி முள் போலவும் இருந்தால், பிளந்த கட்டை விசிறி போல் முறுக்கிக்கொண்டு வரும். லேசான முறுக்கை நீராவியில் வைத்து நிமிர்த்தலாம். கால் வட்டம் முறுக்கு என்றால் விட்டுவிடுங்கள்.

வளைவு பார்க்க ஒரு நூல் போதும். வில்லின் முதுகாகப் போகும் முகத்தின் மேல் முனைக்கு முனை நூல் பிடியுங்கள். நூல் கைப்பிடி இடத்தின் வழியாகப் போக வேண்டும். நடுவில் கொஞ்சம் பாம்பு போல நெளிந்தாலும் பரவாயில்லை, நூலுக்கு இரு பக்கமும் மரம் இருந்தால் சரி. முடிந்த ஆங்கில நெடுவில் கைப்பிடியில் 30 முதல் 35 மில்லிமீட்டர் அகலம்தான். எனவே நீளம் முழுக்க 50 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு சுத்தமான மரக்கீற்று கிடைத்தால் வில் இருக்கிறது. மீதிப் பக்கம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கவலையில்லை. கட்டையை உருட்டி உருட்டி இந்த ஒரு கீற்றைத் தேடுவதுதான் வேலை. முழுக் கட்டையும் அழகாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் காலத்துக்கும் வில் செய்ய முடியாது.

இரு முனையும் முதுகுப்பக்கமாக, அதாவது எய்பவரை விட்டு விலகும் திசையில், லேசாக வளைந்த கட்டை கிடைத்தால் விடாதீர்கள், அது வில்லுக்கு வேகம் தரும்.

கணு இல்லாத யூ கிடையாது. கேள்வி எங்கே, எவ்வளவு பெரிது என்பதுதான். பட்டாணி அளவுக் கணு ஒன்றிரண்டு முதுகில் இருந்தால் அதைச் சுற்றி மரத்தை மேடாக விட்டுச் செதுக்கலாம். வில்லின் ஓரத்தில் விழும் கணு, நடுவில் இருப்பதைவிட ஆபத்து. சுற்றிலும் கறுத்து, விரலால் அசைத்தால் ஆடுகிற செத்த கணு முதுகில் இருந்தால் வேண்டாம். கைப்பிடிப் பகுதியில் எது இருந்தாலும் கவலை குறைவு, அங்கே வில் அதிகம் வளைவதில்லை. பட்டைக்கு மேலே வீக்கம் போலத் தெரிந்தால் உள்ளே மூடிப்போன கணு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

6. கெட்ட மரமா? ஒரு சிராயை ஒடித்துப் பாருங்கள்

விழுந்து பல மாதம் ஈர மண்ணில் கிடந்த கட்டைதான் ஓசியில் அதிகம் வரும். யூவின் வைரம் எளிதில் அழுகாது. யூ கம்பம் இரும்புக் கம்பத்தைவிட நாள் தாங்கும் என்று இங்கே கிராமத்தில் ஒரு சொல் உண்டு. ஆனால் அந்தப் பெருமை வைரத்துக்கு மட்டும்தான். வெள்ளை, மற்ற மரத்தின் வெள்ளையைப் போலவே அழுகும். மேலே பார்க்கக் கல் போல இருக்கும் கட்டையில் வெள்ளை மட்டும் போயிருக்கும்.

நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. நீலமும் சாம்பலுமாகப் பூஞ்சைக் கறை படிந்த வெள்ளை உறுதியாக இருப்பதும் உண்டு, பளிச்சென்று இருக்கும் வெள்ளை மாவாகிப்போயிருப்பதும் உண்டு. இப்படிச் செய்யுங்கள். முதலில் கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் சுலபமாக விழுந்தால் அங்கேயே முடிந்தது. விழவில்லை என்றால், உளியை வைத்து வெள்ளையிலிருந்து தீக்குச்சித் தடிமனில் ஒரு சாண் நீளச் சிராய் ஒன்றைப் பிளந்து எடுங்கள். அதை இரு கையாலும் மெதுவாக வளையுங்கள். நல்ல மரம் நன்றாக வளைந்து கொடுக்கும், பிறகு முனகிக்கொண்டே நார் நாராகக் கிழியும். முறிந்த இடத்தில் நீளமான ஊசிகள் துருத்திக்கொண்டு நிற்கும். கெட்ட மரம் வளையாமல், சத்தமும் பெரிதாக இல்லாமல், சாக்குக்கட்டி மாதிரி குறுக்கே ஒடியும். முனை இரண்டும் மொட்டையாக இருக்கும். கட்டையின் இரண்டு முனையிலும், தரையைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்திலும் இதைச் செய்து பாருங்கள். தரைப்பக்கம்தான் முதலில் போகும்.

வெள்ளையில் பொடி கொட்டும் சிறு துளைகள் இருந்தால் வண்டு இருக்கிறது. அந்தக் கட்டையை மற்ற கட்டைகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

புயலில் விழுந்த மரத்துக்கு இன்னொரு சோதனை. 2021 நவம்பரில் அர்வென் புயல் வடக்கு இங்கிலாந்தில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. அதுபோன்ற நேரத்தில் யூவும் நிறையக் கிடைக்கும். காற்றில் வளைந்து வளைந்து ஆடிய தண்டின் உட்புறமாக மடங்கிய பக்கத்தில், நாருக்குக் குறுக்கே மயிரிழை போன்ற மடிப்புகள் விழுந்திருக்கலாம். பட்டையை ஒரு கை அகலம் உரித்து, மரத்தை வழவழப்பாகச் சீவி, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். குறுக்குக் கோடு கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் வேண்டாம். அந்தக் கோடு மண்ணெண்ணெய் தடவினாலும் மறையாது, நீராவி காட்டினாலும் ஒட்டாது.

வெள்ளை அழுகி வைரம் மட்டும் நன்றாக இருக்கும் கட்டையை என்ன செய்வது? நேராகவும் கணு குறைவாகவும் இருந்தால் எடுத்து வையுங்கள். வெள்ளையைச் சீவிவிட்டு, முதுகில் ஹிக்கரி என்ற மரத்தின் மெல்லிய கீற்றோ மூங்கில் கீற்றோ ஒட்டி நல்ல வில் செய்யலாம். பழைய வேலிக் கம்பங்களும் இப்படித்தான் பிழைக்கும்.

7. முழுக் கட்டையா, இரட்டைத் துண்டா

சராசரி உயரமுள்ளவருக்கான நெடுவில் ஆறு அடி சொச்சம் இருக்கும். முனையில் விரிசலுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதால் கட்டை இரண்டு மீட்டராவது வேண்டும். விட்டம் 15 சென்டிமீட்டராவது இருக்கட்டும். அதற்கும் கீழே போனால் முதுகு மிகவும் குவிந்து, விசை முழுவதும் நடுக்கோட்டில் குவியும்.

இரண்டு மீட்டர் சுத்தமான யூ கிடைக்கும் என்று காத்திருப்பவர் பலர். காத்திருக்கத் தேவையில்லை. ஒரு மீட்டர் சுத்தமான கட்டை கிடைத்தால், அதைப் பிளந்து பக்கத்துப் பக்கத்திலிருந்து இரண்டு துண்டு எடுத்து, கைப்பிடியில் மீன்வால் இணைப்பில், அதாவது V வடிவத்தில் வெட்டிப் பொருத்தி, ஒட்டிவிடலாம். ஒரே கட்டையில் அக்கம்பக்கமாக வளர்ந்தவை என்பதால் வில்லின் இரண்டு கையும் (கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகள்) ஒரே மாதிரி வளையும். இணைப்பு விழுவது அதிகம் வளையாத கைப்பிடியில், அதனால் வில்லின் உறுதியும் குறையாது. ஓசி மரத்துக்கு இதுதான் சரியான வழி என்று நான் அடித்துச் சொல்வேன். ஒரே நிபந்தனை: எந்தத் துண்டுக்கு எது ஜோடி, எந்த முனை மேல்பக்கம் என்று பிளந்த உடனே பென்சிலால் எழுதிவிட வேண்டும். பல மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாத் துண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

8. விஷம், எடை, வண்டி

யூவில் சிவப்புப் பழச்சதையைத் தவிர எல்லாமே விஷம். இலை, பட்டை, விதை, மரம் எல்லாவற்றிலும் இதயத்தைத் தாக்கும் டாக்சைன் (taxine) என்ற நச்சு இருக்கிறது. பச்சையாகக் கையாளும்போது கையுறை, அறுக்கும்போதும் அரம் போடும்போதும் நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 (FFP3) முகமூடி. தூசியால் தலைவலியும் தோல் அரிப்பும் வருபவர்கள் உண்டு. சாப்பிடும் முன் கை கழுவுங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தில் சீவல் கிடக்க வேண்டாம். பக்கத்தில் குதிரையோ மாடோ மேய்ந்தால், உதிர்ந்த கிளைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கொஞ்சம் இலை தின்றாலே குதிரை செத்துவிடும், காய்ந்த இலையிலும் விஷம் போகாது.

பச்சை யூவின் எடை தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் குறைவு. 15 சென்டிமீட்டர் விட்டம், இரண்டு மீட்டர் நீளம் என்றால் முப்பது கிலோவைத் தாண்டும். விட்டம் 25 ஆனால் தொண்ணூறு கிலோ பக்கம். பல கார்களின் கூரைத் தாங்கிக்கு எழுபத்தைந்து கிலோதான் வரம்பு, உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டையை வெட்டிய இடத்திலேயே ஆப்பு வைத்துப் பிளந்துவிட்டு ஏற்றுவது இடுப்புக்கும் வண்டிக்கும் நல்லது.

9. அன்றே செய்ய வேண்டியவை

கட்டை வீட்டுக்கு வந்த அன்று மாலையே முனைகளை அடைக்க வேண்டும். தண்ணீர் பக்கவாட்டில் போவதைவிட முனை வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும், அதனால்தான் முனையில் விரிசல் விழுகிறது. பிவிஏ (PVA) என்ற வெள்ளை மரப்பசையைக் கெட்டியாக இரண்டு மூன்று பூச்சு அடியுங்கள். உருக்கிய மெழுகும் பழைய பெயின்டும்கூட ஆகும். கிளை வெட்டிய இடங்களையும் மறக்காதீர்கள்.

அப்புறம் பிளப்பது. முழு உருண்டையாக வைத்தால் அது தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். முனையில் இருக்கும் இயல்பான விரிசலில் முதல் ஆப்பை வைத்து, சம்மட்டியால் அடித்து, விரிசல் ஓடும் இடத்தில் அடுத்த ஆப்பு. நீங்கள் ஐந்தாம் படியில் கண்டுபிடித்த அந்தச் சுத்தமான கீற்று, ஒரு பாதியின் முதுகு நடுவில் முழுசாக விழும்படி கோட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் கட்டையை இரண்டாகவும், 25க்கு மேல் போனதை நான்காகவும் பிளக்கலாம். கணு நிறைந்த கட்டை ஆப்புக்கு ஒத்துழைக்காது. நார் நேராக இருப்பது உறுதியானால் பட்டைரம்பத்தில் (band saw) அறுக்கலாம்.

பட்டையை உடனே உரிப்பதா வேண்டாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. புதியவருக்கு நான் சொல்வது: வண்டு இல்லை என்றால் பட்டை இருக்கட்டும். உரித்தே ஆக வேண்டும் என்றால் முதுகு முழுக்கப் பசை பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளையில் மெல்லிய வெடிப்பு ஓடும்.

10. உலர்த்துவது

தடிமன் ஒரு அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. பிளந்து, தேவையற்ற மரத்தைச் சீவி, வில்லைவிடக் கொஞ்சம் பருமனான உருவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் காலம் நன்றாகவே குறையும். முதல் சில மாதம் வெயில் படாத, காற்றோட்டமுள்ள கொட்டகையில், தரையிலிருந்து தூக்கி, குறுக்குச் சட்டங்களின் மேல் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் சாய்ந்த வாக்கிலேயே வளைந்துவிடும்.

எவ்வளவு காய்ந்தது என்று அறிய மிகவும் நம்பகமான கருவி எடை பார்க்கும் தராசு. பெட்டி எடை பார்க்கும் சின்னத் தராசு போதும். மாதத்துக்கு ஒருமுறை எடையையும் தேதியையும் கட்டை மேலேயே எழுதுங்கள். எடை இறங்குவது நின்றால் அந்த இடத்தின் ஈரத்தோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் இங்கிலாந்தின் கொட்டகை ஈரம் வில்லுக்குப் போதாது, 15 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே கஷ்டம். அதற்குப் பிறகு வீட்டுக்குள், ரேடியேட்டரிலிருந்து தள்ளி, சில வாரமாவது வைக்க வேண்டும். 8 முதல் 12 சதவீதம் வந்தால் செதுக்கலாம். ஈரமாகச் செதுக்கினால் வில் முறியாது, ஆனால் வளைத்தபடியே நின்றுவிடும், வேகமும் இருக்காது. ஈரமானி வாங்கினால் அதன் ஊசி மேல்தோலை மட்டும்தான் பார்க்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

11. செலவு

மரம் ஓசி என்றாலும் வேலை ஓசியில்லை. மூன்று ஆப்பும் ஒரு சம்மட்டியும் ஐம்பது, அறுபது பவுண்டுக்குள் முடியும். இரு கையாலும் இழுத்துச் சீவும் பழைய இழுவைக் கத்தி இருபதிலிருந்து நாற்பதுக்குச் சந்தைகளில் கிடைக்கும், புதியதைவிடப் பழைய இரும்பு நன்றாகவே இருக்கும். ஈரமானி இருபது. பசை, முகமூடி, கையுறை சில்லறைக் கணக்கு. எரிபொருளை இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் பயணங்கள்தான் அதிகம். ‘பெரிய, நேரான யூ’ என்று போனில் சொல்வதை நம்பி இரண்டு மணி நேரம் ஓட்டாதீர்கள். வெட்டுமுகத்தையும் முழு நீளத்தையும் காட்டும் இரண்டு படம், பக்கத்தில் அளவுநாடாவோடு அனுப்பச் சொல்லுங்கள். படம் அனுப்பாதவரிடம் போகத் தேவையில்லை.

செய்த வில்லை வைத்திருக்க உரிமம் வேண்டாம். ஆனால் பிரிட்டனில் வில்லால் வேட்டையாடுவது சட்டவிரோதம். எய்து பழக, தேசிய வில்வித்தை அமைப்பான ஆர்ச்சரி ஜிபியில் இணைந்த சங்கம் ஒன்றில் சேருங்கள், காப்பீடும் அதோடு வந்துவிடும்.

12. தள்ளிய கட்டையை விறகாக்காதீர்கள்

வில்லுக்கு ஆகாது என்று ஒதுக்கும் கட்டை கடைசல்காரர்களுக்குப் பொக்கிஷம். ஊசிக்கணு மொய்த்த யூ, ஆரஞ்சும் வெள்ளையும் கலந்து சுழித்த யூ, இதெல்லாம் கிண்ணமாகவும் பேனாவாகவும் கடைந்தால் அள்ளிக்கொண்டு போகும். உள்ளூர்க் கடைசல் சங்கத்தில் சொல்லி வையுங்கள். மரம் வெட்டுபவர்களோடு அவர்களுக்கு உங்களைவிடப் பழக்கம் அதிகம். கணு உள்ளதெல்லாம் உங்களுக்கு, நேரானதெல்லாம் எனக்கு என்று ஒரு பேச்சு வைத்துக்கொண்டால், இரண்டு மீட்டர் கட்டை கிடைத்திருக்கிறது என்ற அழைப்பு அங்கிருந்தே வரும்.